அறுபத்தோராம் மாடியில் கட்டாக் கருவாடு

வுப்பர்டால்
24.04.2007, இரவு

அன்புள்ள யூட் மாமா அறிவது,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று தமிழ்ப் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். தொடங்கிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன்.

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன் மாமா. ரோர்ச் லைற்றை வாயில் கடித்திருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும். கணினி வரவேற்பறையில் இருக்கிறது. சீனாவுக்கு ரெலிபோன் எடுத்தால் பில்லில் தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து நீலக் கடிதம் வந்தது. இந்தப் பிள்ளையை மேல் வகுப்புக்கு ஏற்றுவது சந்தேகம் என்று பெற்றோரை எச்சரிக்கும் கடிதம். பெயர்தான் நீலம், தாள் வெள்ளை. லத்தீனில் 5. கணிதத்திலும் 5. இங்கே 1 தான் மிக நல்லது, 6 தான் மிகக் கூடாது என்று மன்னாரில் இருக்கும் பெரியம்மாவுக்கு அம்மா இன்றுவரை விளங்கப்படுத்திக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு விளங்கும்.

தபால் பெட்டியின் திறப்பு என்னிடம் இருந்ததால் கடிதம் முதலில் என் கைக்கு வந்தது. அதன் அடியில் ஒரு துண்டு இருந்தது. பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். மாமா, நான் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மூன்று தாள் நிறையப் பழகிவிட்டுத்தான் போட்டேன். கடிதத்தை மடு மாதா படத்தின் பின்மட்டைக்குள் செருகி வைத்திருக்கிறேன். அம்மா ஒவ்வொரு நாளும் மெழுகுதிரி கொளுத்தி, சரியாக அதற்கு முன்னால் முழங்காலில் இருந்து செபமாலை சொல்கிறார்.

அப்பா அடிக்க மாட்டார். அது உங்களுக்கும் தெரியும். அவர் பேசாமல் இருப்பார். போன வருடம் யாரோ எங்கள் காரை இடித்துவிட்டு ஓடியபோது நாலு நாள் ஒரு சொல் பேசவில்லை. அது கார். நான் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்று, "எங்கட எவ்லின் டொக்டருக்குத்தான் படிப்பா" என்று எல்லாருக்கும் சொல்கிறார். எட்டாம் வகுப்பையே தாண்ட மாட்டேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அம்மா உங்களைப் பற்றிப் பெருமையடிக்கிறார். "என்ர தம்பி சீனாவில மேகத்துக்குள்ள ஒரு ஹோட்டலில படுத்துக்கிடக்கிறான், அதுக்குச் சம்பளமும் குடுக்கிறாங்கள்" என்கிறார். அது உண்மையா?

பதினான்கு வயதில் கள்ளக் கையெழுத்துப் போட்டால் பொலிஸ் வருமா? பதிலைக் கீழ் வீட்டு யூலியாவின் பெயருக்குப் போடுங்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, முத்திரை மட்டும் தந்தால் போதும்.

அப்பாவின் கார்ச் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

உங்கள் மருமகள்
எவ்லின்


ஷாங்காய்
06.05.2007

என் அன்பு மருமகளுக்கு,

கடவுள் கிருபையால் நான் நல்ல சுகம். உன் கடிதம் கண்டேன். பொலிஸ் வராது. முதலில் அந்த ரோர்ச் லைற்றை வாயிலிருந்து எடு, பல்லுக்குக் கூடாது.

அம்மா சொன்னது உண்மைதான். இந்த ஹோட்டல் செப்ரெம்பரில்தான் திறக்கும். பெயர்ப் பலகையைக்கூட இன்னும் துணியால் மூடி வைத்திருக்கிறார்கள். ஒரு புது ஹோட்டலைத் திறக்கும் முன் அதில் சிலரைப் படுக்க வைத்துப் பார்ப்பது வழக்கம். எங்கள் கொம்பனியின் ஜெர்மன் ஹோட்டல்களிலிருந்து பத்துப் பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஹனோவரிலிருந்து நான். கோப்பை கழுவத் தொடங்கியவன், இன்றைக்கு அறைகளுக்குப் பொறுப்பாளன், அதனால் எனக்கு எல்லாக் குறையும் கண்ணில் படும் என்று நினைத்துவிட்டார்கள். கிழமைக்கு ஒரு அறை மாற வேண்டும். எல்லாப் பொத்தானையும் அமத்திப் பார்த்து, பிழையானதை ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை.

இப்போது நான் இருப்பது அறுபத்தோராம் மாடி. காலையில் யன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, வெள்ளை மட்டும்தான். பத்து மணிக்கு மேகம் கீழே இறங்க, மற்றக் கோபுரங்களின் தலைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். எண்ணினேன், கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்களின் பாரந்தூக்கிகள் மட்டும் முப்பத்தேழு. கழிப்பறைக்குள் காலை வைத்ததும் மூடி தானாக எழும்பி நிற்கும். முதல் நாள் நானும் மரியாதைக்கு "குட் மோர்னிங்" சொன்னேன். தலையணைக்கு ஒரு பட்டியல் தருகிறார்கள், சாப்பாட்டுக் கடையில் தருவது போல. பன்னிரண்டு வகை. லிஃப்ற்றில் 4 என்ற பொத்தானே கிடையாது. 14, 24, 34 ஒன்றும் இல்லை. அந்த எண் ஆகாது என்று இங்கே பயம்.

சாப்பாடு திறம், ஆனால் உறைப்பு எங்கள் உறைப்பு இல்லை. ஒருநாள் உன் அம்மா கட்டித் தந்த கட்டா மீன் கருவாட்டில் ஒரு துண்டு சாப்பிட்டேன். அதன் பிறகுதான் நித்திரை வந்தது.

படிவங்களைச் சேர்ப்பவர் மிஸ் ஷென் என்று ஒரு பெண். கண்ணாடிக்கு மேலால்தான் பார்ப்பார். நான் எல்லாப் படிவத்திலும் "எல்லாம் நன்று, குறை ஒன்றும் இல்லை, நன்றி" என்று எழுதிக் கொடுக்கிறேன்.

உன் காரியத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அத்தானிடம் சொல்லிவிடு. சொன்னால் பாரம் குறையும்.

ஆசிகளுடன்
யூட் மாமா


வுப்பர்டால்
13.05.2007, இரவு

அன்புள்ள மாமா,

சுகம் விசாரிக்க நேரம் இல்லை. உங்கள் பதில் இன்னும் வரவில்லை, அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் போல இருக்கிறது.

மே மாதத்தில் மாதா வீடு வீடாகப் போவாரே, அதை நான் மறந்துவிட்டேன்! வழக்கமாகக் கோவில் சுரூபம்தான் போகும். இந்த வருடம் அதன் கை உடைந்து திருத்தக் கொடுத்திருக்கிறார்களாம். இன்று பூசை முடிந்ததும், செபமாலைக்குப் பொறுப்பான கொறற்றி அன்ரி அம்மாவிடம், "யோசப்பின் அக்கா, உங்கட மடு மாதா படத்தைத் தாங்கோவன், ஊரிலயிருந்து வந்த படம்" என்று கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. "ஓம் ஓம், கொண்டு போங்கோ" என்று விட்டார்.

நாளை காலை படம் போகிறது. உள்ளே என் கடிதத்தோடு. முதல் கிழமை கொறற்றி அன்ரி வீடு. அவருடைய மகன் பென்ஜமினுக்கு எல்லாப் பாடத்திலும் 1. அந்தக் கடிதம் அவர் கையில் கிடைத்தால் வுப்பர்டாலுக்கு மட்டும் தெரியாது, ஸ்டுட்கார்ட் வரை தெரியும்.

இப்போது எழும்பி எடுக்கலாம் என்று போனேன். அம்மா படத்தைப் பட்டுச் சீலையில் சுற்றித் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

மாமா, செபியுங்கள். மாதாவிடம் வேண்டாம், அவருக்கு இதில் பங்கு இருக்கிறது. வேறு யாரிடமாவது.

எவ்லின்


ஷாங்காய்
19.05.2007

மருமகளே,

சுகமா? உன் அவசரக் கடிதம் இன்றுதான் வந்தது. வாசித்துவிட்டு லிஃப்ற்றுக்குள் தனியாக நின்று சிரித்தேன். கதவு திறந்தபோது வெளியே மிஸ் ஷென்.

"மிஸ்டர் யூட், சிரிக்கிறீர்கள். நல்லது" என்றார். பிறகு ஒரு கோப்பைத் திறந்தார். "மற்ற ஒன்பது பேரும் இருநூற்றுப் பன்னிரண்டு குறை எழுதியிருக்கிறார்கள். நீங்கள் எழுதியது பூச்சியம். ஒன்றில் நீங்கள் சொர்க்கத்தில் இருக்கிறீர்கள், அல்லது கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறீர்கள்."

நான் என்ன செய்வது? அகதி முகாமிலிருந்து இன்றுவரை யார் என்ன கேட்டாலும் "எல்லாம் நல்லம், நன்றி" என்று சொல்லியே பழகிவிட்டேன். நேற்றுப் பெரிய காற்று அடித்தது. கட்டடம் ஆடியதில் குளியல் தொட்டித் தண்ணீர் தானாக அலை அடித்தது. அதற்கும் "தொட்டி மிக நன்று" என்று எழுதியிருக்கிறேன்.

படம் என்ன ஆனது? உடனே எழுது.

மாமா


வுப்பர்டால்
20.05.2007, இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். உங்கள் முதல் கடிதம் கிடைத்தது. நீங்களும் சுகமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள், சந்தோசம்.

நேற்று மாலை கொறற்றி அன்ரி வீட்டில் செபமாலை. முப்பது பேர் வந்திருந்தார்கள். படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். உள்ளே இருக்கும் தாளின் தடிப்பினால் அது ஒரு பக்கம் சரிந்து நின்றது. மூன்றாம் காரணிக்கத்தை, அந்தப் பத்து மணிச் செபத்தை, நான் சொல்ல வேண்டும் என்று அம்மா முன்னுக்கு விட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போது கொறற்றி அன்ரி எழும்பினார்.

"மாதா சரிஞ்சு நிக்கிறா, பொறுங்கோ, நிமித்திவிடுறன். பின்னால என்னவோ முட்டுது."

"தொடாதேங்கோ!"

அது என் குரல் மாமா. அவ்வளவு சத்தம் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். படத்துக்கு முன்னால் போய் நின்றேன். "மாதா எங்களைப் பாக்கச் சரிஞ்சிருக்கிறா" என்றேன்.

பென்ஜமின் சிரித்தான். ஆனால் கொறற்றி அன்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. "யோசப்பின் அக்கா, உங்கட பிள்ளைக்கு என்ன பக்தி! கன்னியாஸ்திரியாகப் போறாவோ?" என்றார். அம்மா வீடு வரும்வரை என் கையை விடவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்ல, அவர், "டொக்டராய் இருக்கிற கன்னியாஸ்திரிகளும் இருக்கினம்தானே" என்றார்.

இப்போது என்னிடம் மூன்று பொய்கள் இருக்கின்றன. படம் இன்னும் இரண்டு வீடு போய் முப்பத்தோராம் திகதிதான் திரும்பி வரும்.

ஒன்று கேட்க வேண்டும் மாமா. அறையில் குசினி இல்லை, அடுப்பு இல்லை. கருவாட்டை எப்படிப் பொரித்தீர்கள்? எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவன் ரோஸ்ரரில் பாண் துண்டைக் கருக்கியதற்கே தீ அலாரம் அடித்து, அறுநூறு பேரும் மழையில் நின்றோம்.

அன்புடன்
எவ்லின்


ஷாங்காய்
29.05.2007

அன்பு எவ்லின்,

நான் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டேன். இனி நானும் உண்மையை எழுதுகிறேன்.

நீ கேட்ட கேள்வியை மூன்று நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். கருவாட்டை அயன் பொக்ஸில் சுட்டேன். அலுமினியத் தாளில் சுற்றி, அயன் பொக்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் மேல் வைத்தேன். தாள் கிழிந்துவிட்டது. அறை முழுக்கப் புகை. ஜெர்மனியில் இருபத்திரண்டு வருடமாக யன்னலைத் திறந்து வைத்துத்தான் சமைக்கிறேன், பக்கத்து வீட்டாருக்கு மணக்கக் கூடாது என்று. இங்கே யன்னல் திறக்காது. அறுபத்தோராம் மாடியில் யன்னலே திறக்காது, பிள்ளை. துவாயை வீசிக்கொண்டு நடு அறையில் நின்றேன். இப்போது அலாரம் அடிக்கும், மற்ற ஒன்பது பேரும் ஓடி வருவார்கள், மிஸ் ஷென் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார் என்று நின்றேன்.

அடிக்கவில்லை. மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.

காலையில் நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் புகையைப் பிடிக்கும் கருவியின் மேல் சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்ரிக் மூடி. கட்டட வேலை நடக்கும்போது தூசி போகாமல் போடும் மூடி. வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். கழற்ற மறந்துவிட்டார்கள். ஹனோவரில் புதுப் பகுதி திறந்தபோது அந்த மூடிகளைக் கழற்றியவனே நான்தான். எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனால் அதை எழுதினால், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. சும்மா கண்டேன் என்று எழுதினாலும் வந்து பார்ப்பார்கள், அறை முழுக்கக் கருவாட்டு மணம். நாற்பத்தாறு வயதில், கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு வந்த மனிசன், இந்த ஹோட்டலின் அயன் பொக்ஸில் கருவாடு சுட்டேன் என்று எழுதுவதா? அடுத்த பிளேனில் அனுப்பிவிடுவார்கள். மூடியை நானே கழற்றலாம் என்றால் கூரை எட்டவில்லை. அதற்குள் அறை மாற்றிவிட்டார்கள். வேறு யாராவது காண்பார்கள் என்று இருக்கிறேன்.

சொன்னால் பாரம் குறையும் என்று உனக்கு எழுதியவனும் நான்தான். அந்த வரியை வெட்டிவிடு.

மாமா


வுப்பர்டால்
06.06.2007, இரவு

மாமா,

சுகமா என்று கேட்கவில்லை. சுகம் இல்லை என்று தெரியும்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு நித்திரை வரவில்லை. செப்ரெம்பரில் அந்த அறையில் ஒரு குடும்பம் வந்து படுக்கும். பிள்ளைகள் இருக்கும். நீங்கள் சொல்லாத காரணத்தால் ஒருவருக்கும் தெரியாது. என்னுடைய 5 ஒருவரையும் எரிக்காது மாமா. உங்களுடைய மூடி எரிக்கும்.

நான் உங்களுக்குப் புத்தி சொல்லக் கூடாது. ஆனால் சொல்ல வேறு ஆள் இல்லை, எனக்கு மட்டும்தானே தெரியும்.

படம் திரும்பி வந்துவிட்டது. ஒருவரும் திறக்கவில்லை. வந்த அன்று சந்தோசப்பட்டேன், அது ஒரு நாள்தான் இருந்தது. எங்கள் வகுப்பாசிரியை இன்று சொன்னார்: இரண்டு 5 இருப்பவர்கள், விடுமுறை முடியும்போது ஒரு பாடத்தைத் திரும்ப எழுதலாம். அதில் 4 எடுத்தால் போதும், மேலே ஏற்றுவார்கள். ஆனால் அதற்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும், அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும். இருபதாம் திகதி சான்றிதழ் தருவார்கள். அன்றைக்கு எப்படியும் தெரியும்.

கள்ளக் கையெழுத்தை இன்னொரு முறையும் போடலாம் என்று பேனாவை எடுத்தேன். கை நடுங்கியது. அப்பாவின் கையெழுத்து நடுங்காது.

நீங்கள் சொன்னால் நானும் சொல்வேன். நீங்கள் முதலில். நீங்கள் பெரியவர்.

எவ்லின்


ஷாங்காய்
15.06.2007
(விரைவுத் தபால்)

அன்பு மருமகள்,

சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம்.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இன்று காலை கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு மிஸ் ஷென்னின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். மிச்சக் கருவாட்டையும் சாட்சிக்குக் கொண்டு போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கருவாட்டை மணந்து பார்த்தார். எழும்பினார். ஒரு ஏணியோடு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு அறுபத்தோராம் மாடிக்குப் போனார். அவரே ஏறினார். இறங்கும்போது கையில் சிவப்பு மூடி.

பின்னேரத்துக்குள் மூன்று மாடிகளில் ஐம்பத்தெட்டு மூடி. ஒரு வாளி நிறைய. மற்ற ஒன்பது பேரும் தலையணை உயரம் என்றும் கோப்பி ஆறிவிட்டது என்றும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள், ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னை அனுப்பப் போறீங்களோ?" என்று கேட்டேன்.

"ஏன்? நீங்கள் இப்போதுதான் வேலையைத் தொடங்கியிருக்கிறீர்கள்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என் அப்பாவும் கருவாடு சுடுவார். ஆனால் குசினியில்" என்றார். இனிமேல் அயன் பொக்ஸைத் தொட மாட்டேன் என்று என்னிடம் தனியாக ஒரு கையெழுத்து வாங்கினார். படிவத்தில் கண்டுபிடித்த முறை என்ற இடத்தில் தன் கையாலேயே "கருவாடு" என்று எழுதினார். அது இப்போது பெரிய முகாமையாளர் மேசையில் இருக்கிறது. வாசலில் நிற்கும் பெடியன்கள் என்னை "மிஸ்டர் மீன்" என்று கூப்பிடுகிறார்கள்.

இந்தக் கடிதத்தை மிஸ் ஷென் ஹோட்டலின் விரைவுப் பையில் போட்டுத் தருகிறார், மூன்று நாளில் வரும். இதற்குள் ஒரு வெறும் படிவம் வைத்திருக்கிறேன். வாயால் சொல்ல ஏலாவிட்டால் எழுதலாம். இங்கே அதைக் கதவுக் கைபிடியில் மாட்டிவிடுவோம்.

நான் என் பங்கைச் செய்துவிட்டேன். இனி உன் முறை.

யூட் மாமா


வுப்பர்டால்
21.06.2007

அன்புள்ள யூட் மாமாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். எப்படிச் சுகம் என்று விபரமாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்று இரவு படிவத்தை நிரப்பினேன். ஆங்கிலக் கேள்விகளுக்குத் தமிழில் பதில்:

அறை: கூரைக்குக் கீழே உள்ள சின்ன அறை.
குறை: லத்தீன் 5. கணிதம் 5. நீலக் கடிதத்தில் அப்பாவின் கையெழுத்தை நான் போட்டேன்.
எப்போதிருந்து: ஏப்ரல் 20.
இருக்கும் இடம்: மடு மாதாவுக்குப் பின்னால்.
கண்டுபிடித்தவர்: ஒருவரும் இல்லை, நானே சொல்கிறேன்.
மேலும் சொல்ல விரும்புவது: நான் கன்னியாஸ்திரி ஆகப் போவதில்லை.

அதையும் பரீட்சை விண்ணப்பத்தையும் சேர்த்து அப்பா அம்மாவின் அறைக் கதவுக் கைபிடியில் மாட்டிவிட்டு ஓடி வந்து போர்வைக்குள் புகுந்தேன். பதினொரு மணிக்குக் கார் வந்தது. படியில் அப்பாவின் காலடி. கதவடியில் நின்றது. மாமா, அவ்வளவு நேரம் ஒரு மனிதர் நின்று வாசிக்க அந்தப் படிவத்தில் எழுத்தே இல்லை.

பிறகு முன்னறையில் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றும் சத்தம். அம்மா எழும்பி வந்தார். கொஞ்ச நேரம் கிசுகிசுத்தார்கள். பிறகு அம்மாவின் குரல்:

"அப்ப, கன்னியாஸ்திரி இல்லையோ?"

பிறகு அப்பா, "பொறும், உள்ளுக்கு இன்னொண்டும் கிடக்கு" என்றார். பின்மட்டையின் பழைய பேப்பருக்கும் அடியில் வேறொரு கடிதம் இருந்திருக்கிறது. அம்மாவுடையது. இரண்டு வருடத்துக்கு முந்தியது. கார் ஓட்டும் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று! தலையிடி வருகிறது என்று பழகுவதை நிறுத்தினாரே, நினைவிருக்கிறதா? அப்பா சிரித்த சத்தம் மேலே என் அறைக்குக் கேட்டது. "மாதாவுக்குப் பின்னால ஒரு தபால் கந்தோரே நடந்திருக்கு" என்றார்.

அப்பா சிரித்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் என் அறைக்கு வரவில்லை. விடியும்வரை ஒரு சத்தமும் இல்லை. நாலு நாளா, ஒன்பது நாளா என்று எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

காலையில் என் கதவைத் திறந்தேன். கைபிடியில் படிவம் தொங்கியது. அடியில் முகாமையின் பதில் என்ற பெட்டி இருக்கிறதல்லவா, அதில் அப்பாவின் எழுத்து. அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

"குறை கிடைச்சுது. கோவம் இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் பேசாமல் இருக்க மாட்டன். இண்டைக்கு உன்னோட பள்ளிக்கூடம் வாறன். கையெழுத்துக் கதையை ரீச்சருக்கு நீதான் சொல்ல வேணும், நான் பக்கத்துக் கதிரையில இருப்பன். டொக்டர் கதையை ஊர் முழுக்கச் சொன்னது நான், நீயில்லை. விண்ணப்பத்தில ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறம். வடிவாய்ப் பார், இதுதான் என்ர கையெழுத்து. நீ போட்டது இதைவிட வடிவு. அதுதான் பிழை."

போனோம். சொன்னேன். அழுதேன். ஆசிரியை கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினார், ஒரு கண்டிப்புக் கடிதமும் தந்தார். அதை அப்பா பொக்கற்றில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து தொங்கு ரயிலில் ஏறும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மறுபடி பயம் வந்தது. பிறகு கேட்டார்:

"லத்தீன் எண்டால் பழைய பூசையில சொல்லுற லத்தீன்தானே? நான் சின்னனில பீடத்தில பூசைக்கு உதவி செய்தனான். முழுக்கப் பாடம். ஒண்டுக்கும் கருத்துத் தெரியாது."

ஆற்றுக்கு மேலால் போகும் ரயிலில் எல்லாரும் பார்க்க அப்பா லத்தீனில் செபம் சொன்னார். நான் ஒவ்வொரு சொல்லாகக் கருத்துச் சொன்னேன். இரண்டு சொல்லுக்கு எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியில் பார்த்தோம்.

உங்கள்
எவ்லின்


ஷாங்காய்
05.07.2007
(பட அஞ்சல்)

எவ்லின்,

சுகம். முன்னால் இருக்கும் படத்தில் வலப்பக்கக் கோபுரம்தான் நாங்கள். இந்தக் கிழமை மட்டும் முப்பத்தொரு குறை எழுதியிருக்கிறேன். அலை அடிக்கும் தொட்டியையும் எழுதினேன். மிஸ் ஷென் போதும் என்கிறார். படி. அத்தானுக்கு உச்சரிப்புப் பிழை என்றால் திருத்து, பயப்படாதே.

மாமா


வுப்பர்டால்
04.08.2007, பகல்

அன்புள்ள யூட் மாமா அறிவது,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். குறைகள் வருமாறு: அம்மா கார் ஓட்டப் பழகத் திரும்பத் தொடங்கியிருக்கிறார், பின் இருக்கையில் நான் செபமாலையோடு இருக்கிறேன். அப்பா வேலைத்தலத்தில் எல்லாருக்கும் லத்தீனில் காலை வணக்கம் சொல்கிறாராம், சினேகிதர் யோசேப்பு அங்கிள் முறைப்பாடு செய்தார். கொறற்றி அன்ரி ஒவ்வொரு ஞாயிறும் என் நெற்றியைத் தொட்டுக் கும்பிடுகிறார். அவருக்கு உண்மையைச் சொல்லுமாறு அம்மாவிடம் கேட்டேன். "ஒரு கிழமை போகட்டும் பிள்ளை" என்கிறார். ஏழு கிழமை ஆகிவிட்டது.

இதைக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் வெங்காயம் வெட்டுகிறார். "என்ன எழுதுறாய்?" என்று எட்டிப் பார்த்தார். மறைக்கவில்லை. உங்களுக்குக் கருவாடு அனுப்புவதா, அல்லது அந்த மிஸ் ஷென்னுக்குச் சேர்த்து அனுப்புவதா என்று கேட்கச் சொன்னார்.

நேற்றுத்தான் பரீட்சை. எழுத்துக்குப் பிறகு வாய்மொழி. அப்பா லீவு எடுத்துக்கொண்டு வந்து வெளியே கதிரையில் இருந்தார். வாய்மொழியில் தந்த பந்தியில், அன்றைக்கு ரயிலில் தெரியாமல் போன இரண்டு சொல்லில் ஒன்று வந்தது மாமா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசிரியர் ஏன் என்று கேட்டார், சொன்னேன். அவரும் சிரித்தார்.

முடிவை அப்போதே சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறேன். எனக்குக் கிடைத்த புள்ளியை ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். அப்பா அதை மடிக்காமல் வீடுவரை கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். மடு மாதாவுக்கு முன்னால் வைக்கலாம் என்று அம்மா சொன்னார். "வேண்டாம், வாறவை போறவை எல்லாரும் பாக்கிற இடத்தில இருக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

உங்கள் ஹோட்டலில் அறுபத்தொன்றுக்கும் மேலே ஏறிப் போனாலும் கிடைக்காத அந்த 4, எங்கள் வீட்டில் குளிர்ப்பெட்டிக் கதவில், நான்கு காந்தத்துக்குக் கீழே இருக்கிறது.

அன்பு மருமகள்
எவ்லின்